ஏழு சரணம்

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

மடத்துக்கு வரும் கடிதங்களை மடத்தை நடத்தும் உங்கள் மூத்த தாய் படித்த பிறகுதான் உன் கைக்கு வரும் என்று தெரியும். ஆகவே முதல் வணக்கம் அவருக்கு. தாயே, கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும்.

இனி உனக்கு. அப்பாவை அடக்கம் செய்த அன்று உன்னோடு பேசாமல் போனவள், ஒன்பது வருஷம் கழித்து எழுதுகிறேன். நன்றாகவே இருக்கிறேன்; முழங்கால் இரண்டும்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. இப்போது நான் ஆடுவதில்லை, ஆட்டிவைக்கிறேன். பத்தொன்பது பேர் ஆடும் பாலே குழுவுக்கு நான்தான் தலைவி. புதிதாக ஒரு பாலே செய்யப் போகிறோம். ஒலிப்பதிவு கிடையாது, மேடையில் நின்று பாட வேண்டும். உங்கள் மடத்துச் சகோதரிகள் பன்னிரண்டு பேர் வேண்டும். அதில் நீ கட்டாயம் வேண்டும்.

எந்தப் பாட்டு என்று ஊகித்திருப்பாய். அதேதான்.

கதையையும் சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்துவிட்டேன் என்று பேச்சு வரக் கூடாது. அம்மா இல்லாத ஒரு வீடு. பட்டறையிலிருந்து அப்பா கொண்டுவந்த இயந்திர பெல்ட், தடித்த தோல். சின்ன மகள் அடி வாங்கும் சத்தம் மாடிப்படியில் போகிறவர்களுக்குக் கேட்கக் கூடாது என்று பெரிய மகளைப் பாடச் சொல்கிறார். "பாடுடி, பலமாப் பாடு." அவள் கதவோரம் நின்று பாடுகிறாள். பாட்டு முடிகிற வரைக்கும் அடி. மறுநாள் பக்கத்து வீட்டுக்காரி, "உங்க வீட்டுல எப்பவும் சாமி பாட்டுதான், குடுத்து வச்சவங்க" என்கிறாள்.

ஒரு நாள் நீ இரண்டு தடவை பாடினாய். முடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து. நான் மறந்தாலும் என் முதுகு அதை மறக்காது. பிறகு பத்தொன்பது வயதில் நீ மடத்துக்குப் போய்விட்டாய். எனக்குப் பதினான்கு. உனக்குப் பதிலாக அப்பா ரேடியோவை வைத்தார். பாட்டாவது ஒரு கட்டத்தில் முடியும். ரேடியோ முடிவதே இல்லை அக்கா.

இந்தத் தடவை நீ பார்த்துக்கொண்டே பாட வேண்டும். மூன்று எட்டு வைக்கிற தூரத்தில் நின்று. அது ஒன்றுதான் எனக்கு வேண்டும். ஒப்பந்தப் படிவம் இணைத்திருக்கிறேன்.

உன் தங்கை,
தவளை

*

மார்ச் 19

என் தவளைக்குட்டிக்கு,

இந்த ஒன்பது வருஷத்தில் நான் போட்ட பதினாறு கடிதத்துக்கும் சேர்த்து ஒரே பதில் வந்தது, அதுவும் ஒப்பந்தப் படிவத்தோடு. பரவாயில்லை, பதில் பதில்தான்.

மூத்த தாய் நிஜமாகவே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாராம். கோழி என்று எழுதியிருந்த இடத்தில் சிரித்தாராம். பிறகு என்னைக் கூப்பிட்டார். "இது உண்மையா?" என்றார். "உண்மைதான் தாயே" என்றேன். தகாத வரி எதுவாக இருந்தாலும் கறுப்பு மை பூசித்தான் கொடுப்பார். உன் கடிதத்தில் ஒரு பொட்டு மைகூட இல்லை. மூன்று நாள் யோசித்துவிட்டுச் சம்மதித்தார்.

எங்கள் வழக்கம் சிலதைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் தலை குனிந்து தரையைப் பார்த்துத்தான் பாடுவோம். பக்கத்தில் நிற்கிற இருவர் ஒரே நேரத்தில் மூச்சு இழுக்க மாட்டோம், அதனால் பாட்டில் இடைவெளியே வராது. தொடங்கிய பாட்டைக் கடைசி வரி வரை பாடித்தான் ஆக வேண்டும். ஒருமுறை துணி துவைக்கும் அறையில் தீப்பிடித்தபோது, பத்துப் பேர் வாளியோடு ஓடினோம். இரண்டு பேர் நின்று பாட்டை முடித்துவிட்டுத்தான் வந்தார்கள். பாட்டின் தாள்களை அனுப்பியிருக்கிறேன்.

நான் பார்க்க வேண்டும் என்கிறாய். பார்க்கிறேன். எனக்கு மட்டும் தலை நிமிர அனுமதி வாங்கிவிட்டேன். வேறு பாட்டு வைக்க முடியாதா என்று ஒரே ஒரு தடவை கேட்டுக்கொள்கிறேன். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

அன்புடன்,
அக்கா

*

ஏப்ரல் 22

அக்கா,

முடியாது. அந்தப் பாட்டுதான்.

அப்பாவாக ஆடுகிறவனை நாங்கள் மலை என்று கூப்பிடுவோம். ஆள்தான் அவ்வளவு பெரிசு, கொசுவைக்கூட ஊதித்தான் விரட்டுவான். முதல் நாள் பெல்ட்டைக் கையில் கொடுத்ததும் அழுதுவிட்டான். நிஜமான இயந்திர பெல்ட், முனைகளை இணைக்கிற இரும்புத் தகட்டோடு. பஞ்சு வைத்துத் தைத்த பெல்ட் போதும் என்று எல்லோரும் சொன்னார்கள். பஞ்சுக்கு அந்தச் சத்தம் வருமா?

சின்ன மகளாக ஆடுகிறவள் சிட்டு. இருபத்திரண்டு வயது, பயம் என்றால் என்னவென்று தெரியாதவள். அடி அவள் மேல் படாது. தலைக்கு ஒரு சாண் தள்ளித் தரையில் விழும். ஒத்திகை அறையின் மரத்தரை முழுக்க இப்போது வெள்ளை வெள்ளையாகத் தழும்பு. நேற்று ஒரே அடியில் நாற்காலி பிளந்தது. அப்போதும் எனக்குத் திருப்தி வரவில்லை. பெல்ட்டைப் பிடுங்கி நானே அடித்துக் காட்டினேன். கை தானாக ஓங்கியது அக்கா. தோளை எங்கே திருப்ப வேண்டும், மூச்சை எப்போது விட வேண்டும், எல்லாம் அதற்குத் தெரிந்திருக்கிறது. நிறுத்தியபோது அறையில் ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒரு சந்தேகம். நீ அனுப்பிய தாளில் பதினோரு சரணம் இருக்கிறதே? நமக்குத் தெரிந்தது ஏழுதானே? மீதி நாலை உங்கள் மடத்தில் யார் ஒட்டவைத்தது? நான் ஏழுக்குத்தான் நடனம் அமைத்திருக்கிறேன். ஏழோடு நிறுத்தச் சொல்.

தவளை

*

மே 2

தவளைக்கு,

யாரும் ஒட்டவைக்கவில்லை. அந்தப் பாட்டு என்றைக்குமே பதினொன்றுதான். குறைக்க முடியாது என்று மூத்த தாய் சொல்லிவிட்டார்.

உன் காலில் விழுந்து கேட்கிறேன். ஏழாவது சரணம் முடிந்ததும் மலை என்கிற அந்தப் பிள்ளை பெல்ட்டைக் கீழே போட்டுவிடட்டும். நாங்கள் பாட்டுக்குப் பாடி முடிக்கிறோம். பதினொன்று வரைக்கும் மட்டும் அடிக்க விடாதே. ஏன் என்று எழுத உட்கார்ந்தேன், நாலு தாளைக் கிழித்துப் போட்டேன். நேரில் சொல்கிறேன்.

அக்கா

*

மே 9

அக்கா,

இப்போது கெஞ்சுகிறாயா? அன்றைக்கு இந்த வாய் எங்கே போயிற்று?

பாட்டு முடிகிற வரைக்கும் அடி. அது அப்பா போட்ட விதி, நான் போட்டது இல்லை. பதினொன்று என்றால் பதினொன்று. மலையிடம் சொல்லிவிட்டேன். ஜூன் 6 காலை உங்களோடு சேர்ந்து ஒத்திகை. வண்டி அனுப்புகிறேன்.

தவளை

*

ஜூன் 8

அக்கா,

நேரில் சொல்கிறேன் என்று எழுதியதைச் சொல்லாமலே, வாயைத் துணியால் பொத்திக்கொண்டு வண்டியில் ஏறிப் போய்விட்டாய். நான் பார்த்ததை உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஏழு வரை எல்லாம் சரியாகப் போயிற்று. எட்டில் மலையின் தோள் நடுங்கத் தொடங்கியது. முடியவில்லை என்று என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் கீழே உட்கார்ந்துகொண்டு, "விடாத, அடி! பாட்டு முடியலல்ல, அடி!" என்று கத்தினேன். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு அடித்தான். ஒன்பதில் வியர்வையில் பிடி நழுவி, இரும்புத் தகடு சிட்டுவின் கழுத்தெலும்பில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவள் அலறியதும் கேட்டது. மலைக்குக் கேட்கவில்லை. அலறுவது அவள் பாத்திரத்தில் இருக்கிறது, நான்தான் எழுதி வைத்தேன். அவன் மறுபடி ஓங்கினான்.

பதினோரு பேர் தலை குனிந்து பாடிக்கொண்டே இருந்தார்கள். உன் குரல் மட்டும் அறுந்தது. நீ ஓடிவந்து சிட்டுவின் மேல் விழுந்தாய், அந்த அடி உன் வாயில் விழுந்தது. ரத்தத்தைத் துப்பிக்கொண்டு, "ஏழோட நிறுத்தணும், ஏழோட நிறுத்தணும்" என்று நீ கத்தினாய். மலை பெல்ட்டை வீசிவிட்டுச் சுவரில் தலையை மோதி மோதி அழுதான். அதற்குள் பத்தும் முடிந்து பதினொன்றும் முடிந்தது.

சிட்டுவுக்கு எலும்பில் தகடு வைத்திருக்கிறார்கள். ஆறு மாதம் ஆட முடியாது. பார்க்கப் போனேன். "நீங்க வெளிய போங்க" என்றாள். அவள் அப்படிச் சொல்லாவிட்டால்தான் எனக்குக் கோபம் வந்திருக்கும். அடித்தது மலை இல்லை, நான். அப்பாவின் குரல்கூட அப்படியே வந்தது.

உன் உதட்டில் எத்தனை தையல்? ஏழோடு ஏன் நிறுத்த வேண்டும்? சொல்.

தவளை

*

ஜூன் 20

என் தவளைக்குட்டி,

உதட்டில் மூன்று தையல். சூடாக எதுவும் குடிக்க முடியவில்லை, மற்றபடி ஒன்றும் இல்லை. பாட்டை நடுவில் அறுத்ததற்காக ஒரு வருஷம் நான் பாடக் கூடாது என்று மூத்த தாய் சொல்லிவிட்டார். சமையலறையில் பாத்திரம் துலக்குகிறேன். நியாயமான தண்டனைதான். அந்தப் பாட்டை நான் முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்பே அறுக்கத் தொடங்கிவிட்டேன், அது அவருக்கு இப்போதுதான் தெரியும்.

உனக்கு அப்போது ஆறு வயது. முதல் தடவை அப்பா கேட்டார், "இருக்கிறதுலயே நீளமான பாட்டு எது?" என்று. எதற்கு என்று தெரியாமல் இந்தப் பாட்டைச் சொல்லித் தொலைத்தேன். அன்றைக்குப் பதினொன்றும் பாடினேன். எதற்கு என்று தெரிந்தது. அப்பாவுக்கு எழுத்துக் கூட்டவும் வராது, கும்பிடப் போகிற வழக்கமும் இல்லை. அடுத்த தடவை ஒரு சரணத்தை விட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அதற்கடுத்த தடவை இரண்டு. அப்படியே ஏழுக்குக் கொண்டுவந்தேன்.

ஒரு நாள் ஆறோடு முடித்துப் பார்த்தேன். அவர் கை நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்ன, இன்னிக்குச் சீக்கிரம் முடிஞ்சிடுச்சு? மொதல்லேருந்து பாடு" என்றார். நீ எழுதியிருந்தாயே, இரண்டு தடவை பாடிய நாள். அது அந்த நாள்தான். அதற்குப் பிறகு ஆறுக்குப் போக எனக்குத் துணிச்சல் வரவே இல்லை.

உன்னிடம் சொன்னால் அடியின் வலியில் நீ உளறிவிடுவாயோ என்று அப்போது பயம். பெரியவளான பிறகு வெட்கம். நாலைக் குறைத்தேன் என்று சொன்னால், மீதி ஏழையும் பாடினது நான் இல்லை என்று ஆகிவிடுமா? கதவு என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. தாழ்ப்பாள் என் கைக்கு எட்டும். திறந்து ஒரு சத்தம் போட்டிருந்தால் மாடிப்படியில் நாலு பேர் வந்திருப்பார்கள். நான் பாடினேன். அப்புறம் உன்னை அங்கேயே விட்டுவிட்டு ஓடிப்போனேன். ரேடியோ விஷயம் நீ எழுதித்தான் எனக்குத் தெரியும்.

இதை மூத்த தாய் படித்துவிட்டார். மை பூசவில்லை. உறையை நீயே ஒட்டு என்று என் கையில் கொடுத்துவிட்டார்.

அக்கா

*

அக்டோபர் 30

அக்கா,

நாலு மாதமாகப் பதில் போடவில்லை. எழுத உட்கார்ந்தால் கெட்ட வார்த்தைதான் வந்தது, பாதி உனக்கு, பாதி எனக்கு. மூத்த தாயின் மை தீர்ந்துவிடும் என்று நிறுத்திக்கொண்டேன்.

நேற்று பாலே அரங்கேறியது. மூத்த தாய் பதினோரு சகோதரிகளை அனுப்பியிருந்தார். உன் இடத்தை இட்டு நிரப்ப வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். வரிசையில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாகவே இருந்தது. சிட்டுவின் பாத்திரத்தை வேறு பெண் ஆடினாள். சிட்டு கையைக் கழுத்தோடு துணியில் கட்டித் தொங்கவிட்டபடி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். என்னோடு பேசவில்லை, ஆனால் வந்தாள். பெல்ட் இல்லை. மலை வெறும் கையைத்தான் ஓங்கினான்.

ஏழு முடிந்ததும் அவன் கை தானாகக் கீழே இறங்கியது. பாட்டு நிற்கவில்லை. அந்தப் பெண் எழுந்து, தன் தோள், முழங்கை, விரல் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு மெல்ல நடந்துபோய் உன் காலி இடத்தில் நின்றாள்.

ஒரு சரணத்துக்கு ஒன்பது அடி விழும், ஒத்திகையில் எண்ணியிருக்கிறேன். நாலு சரணத்துக்கு முப்பத்தாறு. ஒவ்வொரு தடவையும் முப்பத்தாறு அடி என் மேல் விழாமல் போயிருக்கிறது. அது தெரியாமலே நான் உன்னை வைதுகொண்டு வாழ்ந்திருக்கிறேன்.

ஏழு சரணத்தையும் மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. பொய் எழுதினால் உனக்குத் தெரிந்துவிடும். வந்தால் எழுதுகிறேன்.

ஆனால் ஒன்று. நேற்று எட்டாவது தொடங்கியதும் நான் திரையோரம் நின்று, பார்வையை மட்டும் மேடையில் வைத்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். ஒத்திகையிலும் கத்திக்கொண்டே இருந்ததால் அந்த நாலு சரணத்தையும் நான் இதுவரை சரியாகக் கேட்டதில்லை. அவர்கள் பாடிக் கேட்க எனக்கு விருப்பமும் இல்லை. ஜூனில் உன் தண்டனை முடிகிறது. அதுவரை பொறுத்துக்கொள்கிறேன். வீட்டுக்கு வந்து எனக்குப் பாடு.

கதவோரம் நிற்காதே. என் பக்கத்தில் உட்கார்ந்து பாடு.

தவளை