காலாவதி இல்லாத டோக்கன்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

இங்கே ஒரு சின்னக் கூத்து. எங்கள் ஆபீஸ் வருகைப் பதிவுச் செயலியில் ஒருமுறை பாஸ்வேர்டு போட்டால் ஒரு டோக்கன் கிடைக்கும். பிறகு அதைப் பார்த்தே சர்வர் உள்ளே விட்டுவிடும். அந்த ஏற்பாட்டைச் செய்தவன் நான். டோக்கனுக்குக் காலாவதி நேரம் வைக்க மறந்துவிட்டேன். வேலையை விட்டு நின்றுபோன கணக்காளர் தினமும் காலையில் தன் பழைய டோக்கனோடு செயலிக்குள் வந்துபோயிருக்கிறார். எதையும் தொடவில்லை. போன் போட்டுக் கேட்டேன்.

“சும்மாதான் தம்பி. எல்லாரும் வந்துட்டாங்களான்னு பாப்பேன்,” என்றார்.

மேலாளர், “கதவத் தொறந்து போட்டுட்டுத் தூங்குனியா?” என்று வறுத்தெடுத்தார். வேலைக்கு ஆபத்தில்லை, பயப்படாதீர்கள். கணக்காளருடைய டோக்கனை ரத்து செய்தேன். மறுநாள் காலையிலும் அவர் வந்து பார்த்திருக்கிறார். ‘அனுமதி இல்லை’ என்று பதிவாகியிருந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சாப்பிடப் போனேன்.

முடிந்தால் என் பழைய போர்வையை அனுப்புங்கள். பஸ் வந்துவிட்டது, நிறுத்துகிறேன். வாசல் பூட்டு மக்கர் செய்கிறது, மாற்றப்போகிறேன் என்றாரே அப்பா, கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் சாவி ஒன்று என் பையில் இருக்கிறது.

உங்கள் மகன்