பனிக்குவியலுக்கு அடியில் இருந்த சூடு

இன்று காலை எங்கள் தெருவுக்குத் தார் போட வந்தார்கள். ஜன்னலைச் சாத்திய பிறகும் வாசனை உள்ளே வந்துவிட்டது. என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கோ நீ வந்து சமையலறையில் நிற்பதுபோல் இருந்தது. தார் வாசனை அடித்தால் மூச்சை நன்றாக இழுத்துவிட்டு, "மச்சான், எங்களுக்குச் சோறு போடுற வாசம்" என்பாயே. அதை நான் முதலில் சொல்லியிருக்கக் கூடாதா என்று அன்றைக்கே எனக்கு எரிந்தது.

எரிந்தது என்றுதான் சொல்கிறேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? மதுரையிலிருந்து நானும் யாழ்ப்பாணத்திலிருந்து நீயும் ஒரே ஆண்டில் ஆக்லாந்துக்குப் படிக்க வந்தோம். சான்ட்ரிங்ஹாமில் ஒரே அறையில் இருந்தோம். எல்லர்ஸ்லியில் ஒரே அலுவலகத்தில் சாலைப் பொறியாளர்களாகச் சேர்ந்தோம். அதுவரைக்கும் சமம். அப்புறம் எல்லாம் உன் பக்கம்தான். என் சாம்பாரை ஒருவரும் இரண்டாம் முறை கேட்டதில்லை. உன் தேங்காய்ப்பால் சொதிக்கு மாடி வீட்டு மலேசியக்காரர்கள் பாத்திரத்தோடு வருவார்கள். போன குளிர்காலத்தில் உன்னை வழியனுப்பிய நாளில்கூட, மண்டபம் கொள்ளாமல் ஆட்கள் வாசலில் நின்றதைப் பார்த்து, "எனக்கு இவ்வளவு பேர் வருவாங்களா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். "அவர் செத்ததுலகூடவா உங்களுக்குப் பொறாமை?" என்றாள் மனைவி. காரில் வீடு வரும்வரை அழுதேன், பொறாமையும் கூடவே இருந்தது.

அந்த வேலை உனக்குக் கிடைத்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். கனடாவின் வட கோடியில், ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் மண்ணின் மேல் போட்ட சாலை. போட்ட சில ஆண்டுகளிலேயே ஓரங்கள் அமுங்கி, நீளவாக்கில் பிளந்துகொண்டிருந்தது. ஏன் என்று பார்க்க ஓராண்டுக்கு நம் அலுவலகத்திலிருந்து ஒருவர் போகவேண்டும். இருவரும் விண்ணப்பித்தோம். உன்னை அனுப்பினார்கள். என்னை மேசையில் உட்காரவைத்து, நீ அனுப்பும் அளவுகளை வரைபடமாக்கச் சொன்னார்கள். விமான நிலையத்தில் உன்னைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினேன். திரும்பி வரும்போது வாயெல்லாம் கசந்தது.

சாலைக்கு நடுவில் மண்ணுக்குள் ஒரு வெப்பமானிக் கம்பி, ஓரத்தில், ஒதுக்கிய பனி குவிந்து கிடக்கும் இடத்தில், இன்னொன்று. எது நடு, எது ஓரம் என்று எழுதிய அடையாள வில்லைகளை இரண்டிலும் உன் கையால் கட்டியிருந்தாய். நீ அனுப்பிய அளவுகளில் பனிக்குவியலுக்கு அடியில் இருந்த மண் சூடாகவும், வெறும் தார் தெரியும் நடுப்பகுதி குளிர்ந்தும் இருந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது. மதுரைக்காரனுக்குத் தார் என்றால் காலைச் சுடுவது, பனி என்றால் ஐஸ் பெட்டி. ஐஸ் பெட்டிக்குள் வைத்த மண் எப்படிச் சூடாகும்? நாம் இருவரும் திறக்கும் கணினிக் கோப்பில் இரண்டு வரிசைகளையும் இடம் மாற்றிப் போட்டு, "வில்லைய மாத்திக் கட்டிட்ட, மாப்ள" என்று எழுதினேன். உன் தவறைக் கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையிலேயே பிடிபட்டது. பனி ஒரு கம்பளி. ஓரத்தில் குவித்த பனி, மண் கோடையில் வாங்கிய சூட்டை வெளியே விடாமல் போர்த்திவைக்கிறது. கடுங்குளிர் உள்ளே இறங்கவே முடிவதில்லை. நடுவில் பனியைச் சுத்தமாக வழித்துவிடுவதால் அங்கே குளிர் இறங்கி மண்ணை இறுக்குகிறது. வழி விடுவதற்காக ஒதுக்கிய பனியே ஓரங்களை உருக்கிக்கொண்டிருந்தது. நீ அனுப்பியதுதான் சரி. வரிசைகளைப் பழையபடி மாற்றி வரைபடத்தைப் பார்த்தேன். எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா! போன முதல் மாதத்திலேயே நீ விடையைத் தொட்டிருந்தாய். பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு மறுபடியும் தப்பாக மாற்றி வைத்துவிட்டேன்.

உன்னிடம் சொல்லவில்லை. ஒரே ஒருநாள் நீ தப்பாக இருந்துவிட்டுப் போ என்று நினைத்தேன். ஒருநாள் நான்கு நாளானது.

நீயோ என்னை நம்பினாய். "நீ சொன்னால் சரியாத்தான் இருக்கும். நான்தான் மாத்திக் கட்டிப்போட்டன் போல. தோண்டிப் பாக்கிறன்" என்று எழுதினாய். மூன்றாம் நாள் பனிக்குவியலைத் தோண்டினாய். கையுறையோடு வில்லையின் முடிச்சைப் பிரிக்க முடியவில்லை என்று கழற்றினாய். இடது சுண்டுவிரல் நுனி கறுத்து, உணர்ச்சி போயே போய்விட்டது. ஐந்தாம் நாள்தான், ஏதோ அப்போதே மின்னல் அடித்ததுபோல, பனி கம்பளியாக இருக்கலாமோ என்று உனக்கு எழுதினேன்.

நீ என்ன செய்தாய்? அறிக்கையில் எனக்கு நன்றி எழுதினாய். ஆக்லாந்து திரும்பியபின் பாபடோயிட்டோயில் உன் வீட்டு விருந்துகளில் அந்த விரலைத் தூக்கிக் காட்டி, "இவன்தான் கண்டுபிடிச்சவன். நான் சும்மா பனியிலை கிடங்கு கிண்டினனான்" என்பாய். எல்லோரும் என்னைப் பார்த்துக் கைதட்டுவார்கள். நானும் வெட்கமில்லாமல் சிரித்துக்கொண்டு உன் சொதியைச் சாப்பிடுவேன். எட்டு ஆண்டுகள்!

போன வாரம் உன் மனைவி உன் குறிப்புப் புத்தகத்தைக் கொண்டுவந்து தந்தாள். "அண்ணா, இது அவரின்ரை பையிலை கிடந்தது. எல்லாம் வேலைக் கணக்கு. ஒரு பக்கத்திலை மட்டும் தமிழிலை எழுதியிருக்கிறார். ஆரைச் சொல்லுறார் எண்டு விளங்கேல்லை. பார்த்துச் சொல்லுங்கோ."

பார்த்தேன். உன் கோழிக் கிறுக்கல்தான்.

"கம்பி ரெண்டும் சரியாத்தான் கட்டியிருக்கு. அவன் அடுத்த நாளே கண்டிட்டான். திருத்திப்போட்டுத் திரும்பப் பிழையாக்கி வச்சிருக்கிறான். நான் கேக்கமாட்டன். அவனே சொல்லட்டும்."

அதற்குக் கீழே, "இண்டைக்கும் சொல்லேல்லை."

அதற்கும் கீழே, "பாதி சொல்லிட்டான். மீதியையும் சொல்லுவான்."

யார் எந்த மணிக்கு எதை மாற்றினார்கள் என்பதையெல்லாம் அந்தக் கோப்பு எழுதி வைத்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியும்தானே? எப்படி மறந்தேன்? விரலில் கட்டோடு படுத்துக்கொண்டு நீ அதைத் திறந்து பார்த்திருக்கிறாய். ஒரு வாரமாகப் புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, படிக்கவில்லை என்று சொல்லிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இன்று இந்தத் தார் வாசனை வந்து உட்காரவிடவில்லை. உன் வீட்டுக்குப் போன் செய்தேன்.

"பார்த்தீங்களோ அண்ணா? ஆர் அந்த 'அவன்'?"

"நான்தாம்மா."

முழுவதும் சொன்னேன்.

"அப்ப அந்த விரல்?"

"என்னாலதான்."

"எனக்குக்கூட அவர் சொல்லேல்லை" என்றாள். குரலில் கோபம் இருந்தது, இருக்கவேண்டியதுதான். "பிள்ளை உந்தக் கதையைப் பள்ளிக்கூடத்திலை எல்லாருக்கும் சொல்லுறவள், அங்கிள்தான் கண்டுபிடிச்சவர் எண்டு. சனிக்கிழமை வாங்கோ. அவளுக்கு நீங்களே சொல்லுங்கோ" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

போவேன். உன் மகள் என்னைப் பார்க்கப்போகும் பார்வையை நினைத்தால் போகாமலே இருந்துவிடலாம் என்றிருக்கிறது. ஆனாலும் போவேன்.

உன் வேலை, உன் சமையல், உன் மண்டபக் கூட்டம் எல்லாவற்றையும் பார்த்துப் பொறாமைப்பட்டவன் நான். எட்டு ஆண்டுகள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே ஒரு வார்த்தை கேட்காமல் இருந்தாயே, அது என்னால் ஒருநாள்கூட முடிந்திருக்காது. இப்போது அதற்குத்தான் பொறாமையாக இருக்கிறது. போகப்போகக் குறையும் என்று தோன்றவில்லை. மீதியைச் சொல்லிவிட்டேன், மாப்ள. காத்திருந்தது நீ; காதில் வாங்கியது உன் மனைவி.