கண்ணாடி மாதிரித் தண்ணீர்

பங்குனி 8, வியாழன்

காலையிலேயே வெயில். கால் வீக்கம், மாத்திரை தீர்ந்தது. மகன் செந்தில் பம்பாய்க்கு, பனியன் ஆர்டரை நிறுத்தின ஏஜெண்டைப் பார்க்க. மருமகள் கவிதாவும் கூட. மீன்தொட்டி என் பொறுப்பு. கடல் மீன்கள். ஆரஞ்சு ரெண்டு, மஞ்சள், நீலம். கார் கிளம்பும்போது கவிதா, என் காதில் விழட்டும் என்றே: "அத்தைகிட்ட உட்டுட்டு வாரீங்க. வெறுந்தொட்டிதான் இருக்கும் பாருங்க." வளைகாப்பில் எனக்குக் கடைசிப் பந்தி போட்டவள். இதையும் அதோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

போன மாதம் பெருமாநல்லூரில் செந்திலை மாதிரியே ஆர்டர் போன ஒருத்தன் கம்பெனியிலேயே தூக்கில் தொங்கினான். எழவுக்குப் போய் வந்ததிலிருந்து செந்தில் யாரிடமும் பேசுவதில்லை. தொட்டி முன்னால் உட்கார்ந்தால் மட்டும் முகம் கொஞ்சம் இளகும். இந்த மீன்களுக்கு ஒன்றும் ஆகக்கூடாது.

தொட்டியில் தண்ணீர் நாலு விரல் குறைந்துவிட்டது. தண்ணீர்க் கேன்காரர் வரவில்லை. போர்வெல் தண்ணீர் ரெண்டு குடம் ஊற்றினேன். கடல் மீன்தானே. நம் போரில் உப்புக்கா பஞ்சம்.

வெள்ளி

நீலம் செத்துக் கிடந்தது. தண்ணீர் மஞ்சள். மற்றவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. கோயமுத்தூர் மீன் கடைக்காரருக்குப் போன்.

"ஓசோன் மிஷின் ஓடுதுங்களாம்மா? அதுதான் தண்ணி நெறத்தை எடுக்கும். பக்கத்துக் குழாய்ல ஈரம் உறிஞ்சற மணி இருக்குமே, நீலமா ரோஸா?"

"ரோஸு."

"ஈரம் குடிச்சிருச்சுங்க. காத்து காஞ்சு போனாத்தான் ஓசோன் வரும். சட்டில லேசா வறுத்துப் போடுங்க, நீலமாயிரும்."

"கடுகு வறுக்கற மாதிரியா?"

"ஆமாங்க. அப்பறம் அந்தச் சட்டில தாளிச்சிராதீங்க."

வறுத்தேன். நீலமானது. போர் தண்ணீரைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மிஷினை முழுசாகத் திருகி வைத்தேன். இடி விழுந்த பிறகு வருமே, அந்த வாசம். தலைவலி. ஜன்னலைத் திறந்தேன். சாப்பிடவில்லை.

சனி

தண்ணீர் தெளிந்துவிட்டது. தொட்டி வழியே அந்தப் பக்கச் சுவரில் காலண்டர் எழுத்துத் தெரிகிறது. சாமிக்கு விளக்குப் போட்டேன்.

மத்தியானம் மஞ்சள் செத்தது.

இவ்வளவு தெளிந்த தண்ணீரில் எப்படிச் சாகும். பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் பழனிச்சாமி கண்ணுக்குள் வந்தான். அண்ணன் மகன், சாயப்பட்டறைக்காரன். சாயத் தண்ணீரை ஏன் வெளியே விடுகிறாய் என்று ஊரே கேட்கப் போனபோது கண்ணாடி டம்ளரில் பட்டறைக் கழிவுத் தண்ணீரை வெயிலில் தூக்கிக் காட்டினான். "பாருங்கத்தை, கண்ணாடி மாதிரி. இதுல என்ன கொற?" அந்த வருசமே தென்னை குருத்து சாய்ந்தது. மாடு தண்ணீர்த் தொட்டியில் வாய் வைக்கவில்லை. சாயம் போயிருந்தது, மிச்சம் எல்லாம் இருந்தது. அதே தண்ணீர்தான் எங்கள் போரில். அதைத்தான் ஊற்றினேன். என் கையால்.

கடைக்காரரிடம் சொன்னேன். "ஐயோ அம்மா, ஓசோன் நெறத்தைத்தானுங்க எடுக்கும், உப்பையும் மருந்தையும் எடுக்காது. பாதித் தண்ணி மாத்துங்க. ஆர்.ஓ. தண்ணி, நெறைய வேணும்."

சாயங்காலம் செந்தில் போன். ஏஜெண்ட் பார்க்கவே இல்லையாம். "மீன் இருக்குதாம்மா?"

"இருக்குது கண்ணு."

"அது போதும்."

அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

ஞாயிறு

ஆரஞ்சில் ஒன்றும் போனது. ஒன்றே ஒன்று, மணலில் சாய்ந்து கிடக்கிறது. கேன் கடை பூட்டு. அவ்வளவு ஆர்.ஓ. தண்ணீர் இருப்பது ஓரிடத்தில்தான். கோர்ட் சொன்னதால் பட்டறையில் ஆர்.ஓ. வைத்திருக்கிறான் பழனிச்சாமி. அண்ணன் எழவுக்குப் போனபோதுகூட அவன் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் திரும்பினவள் நான்.

போன் செய்தேன்.

"யாருங்க?"

"நாந்தான்."

"அத்தைங்களா?"

"தண்ணி வேணும்."

குட்டியானை வண்டியில் டிரம் ஏற்றி அவனே வந்தான். தலை நரைத்துவிட்டது. டிரம்மில் இருந்து ஒரு டம்ளர் மொண்டு நீட்டினேன்.

"மொதல்ல நீ குடி."

"மீனுக்குன்னுதானுங்கத்தை சொன்னீங்க?"

"குடி."

முழு டம்ளரும் குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு, "போதுங்களா?"

"எறக்கு" என்றேன்.

தொட்டிக்கான உப்பு பாக்கெட்டைக் கொட்டி, உப்பு அளக்கிற மிதக்கும் குச்சி செந்தில் போட்ட கோட்டுக்கு வரும்வரை ரெண்டு பேரும் கலக்கினோம். பழைய தண்ணீர் பாதியை இறைத்து இதை ஊற்றியாயிற்று. அவன் இன்னும் போகவில்லை, தொட்டி முன்னால் குந்தியிருக்கிறான்.

மீன் எழவில்லை. செவுள் அசைகிறது. நின்று, அசைகிறது.

போன் அடிக்கிறது. செந்திலாகத்தான் இருக்கும்.