காலாங் ஆற்றில் தள்ளாத கார்

1942 பிப்ரவரி 11, புதன்

ஜப்பான் படை ஊரை நெருங்கிவிட்டது. நண்பன் சேதுபதி தன் பச்சை எம்.ஜி. காரின் சாவியை என் கையில் வைத்தான். அந்த இரண்டு சீட்டுக் கார் சிராங்கூன் ரோட்டில் திரும்பினால் வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து பார்ப்பார்கள். "ஜப்பான்காரன் இதுல ஏறக் கூடாது. என் கையால முடியாதுடா. நீ காலாங் ஆத்துல தள்ளிடு."

கரைவரை ஓட்டிப் போனேன். பிரேக்கை விட மனம் வரவில்லை. இதைப் போய் யாராவது தண்ணீரில் தள்ளுவார்களா? தெம்பனிஸில் ஆளில்லாத தென்னந்தோப்புக் கொட்டகை ஒன்றில் ஓலை போட்டு மூடிவிட்டேன்.

பிப்ரவரி 12

"தள்ளிட்டியா?" என்றான். "ம்" என்றேன். அழுதான்.

ஏப்ரல் 20

ஊரைப் பிடித்துக்கொண்ட ஜப்பானியர் கார் வைத்திருந்தவர்களைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். கார் ஆற்றில் கிடக்கிறது என்று சேதுபதி சொல்லிவிட்டு வந்திருக்கிறான். இன்றாவது நான் அவனிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம் — சொல்லவில்லை.

ஜூன் 7, ஞாயிறு

டாங்கியில் கொஞ்சம் பெட்ரோல் மிச்சம் இருந்தது. ஒரே ஒரு சுற்று. தோப்புக்கு நடுவே மண்பாதை, மூன்றாவது கியர், முகத்தில் காற்று. பசிகூட மறந்துபோயிற்று.

ஜூன் 10

எஞ்சின் சத்தம் கேட்ட யாரோ காட்டிக் கொடுத்துவிட்டார்கள். ஜப்பானியர் வந்து காரை எடுத்துப் போய்விட்டார்கள். மதியம் ராணுவப் போலீஸ் சேதுபதியைத் துணிக்கடையிலிருந்து இழுத்துக்கொண்டு போனது. பொய் சொன்னானாம். அவனா பொய் சொன்னான்? நான்தானே!

ஜூன் 11

அவன் மனைவி மங்களத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நான் போய் ஒத்துக்கிறேன், தங்கச்சி." தடுப்பாள் என்று நினைத்தேனோ?

"அப்ப போங்கண்ணே. ஏன் இன்னும் நிக்கிறீங்க?"

போனேன். ராணுவப் போலீஸ் நிலைய வாசலில் துப்பாக்கியோடு காவல்காரன். உள்ளே யாரோ அலறினார்கள். சேதுபதியின் குரலா என்றுகூட நின்று கேட்கவில்லை. திரும்பி வந்துவிட்டேன். சே, நானெல்லாம் மனுசனா?

ஜூலை 3

சேதுபதியை விட்டுவிட்டார்கள். இடது காலை ஊன்ற முடியவில்லை அவனால். மங்களம் எல்லாம் சொல்லியிருக்கிறாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஓட்டினியா?"

"ஒரு தடவ."

"எப்படி இருந்துச்சு?"

நல்லா இருந்துச்சுன்னு எந்த வாயால சொல்றது?

செப்டம்பர் 14

தினமும் காலையில் அவனை என் சைக்கிளில் கடைக்குக் கூட்டிப் போகிறேன். மங்களம்தான் கேட்டாள். அவன் என்னோடு பேசுவதில்லை. இன்று ரேஸ்கோர்ஸ் ரோட்டுப் பள்ளத்தில் சைக்கிள் குலுங்கியது. விழப்போனவன் என் தோளைப் பிடிக்கவில்லை. கேரியர் கம்பியைத்தான் பிடித்துக்கொண்டான்.