கயிறு சாய்க்காத தூண்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

முதலில் இந்தக் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். கோடு போட்ட தாள்தான், ஆனாலும் எழுத்துகள் மழையில் நனைந்த கோழிக்குஞ்சுகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் நிற்கின்றன. அம்மா எழுதித் தருகிறேன் என்றாள், நான்தான் வேண்டாம் என்றேன். இதை நானே எழுத வேண்டும், ஏன் என்று போகப்போகத் தெரியும். ஒரு வரி முடிப்பதற்குள் விரல் மரத்துப்போகிறது, இன்று நான்காவது நாள். இங்கே இரண்டு பேரும் இருக்கிறபடி இருக்கிறோம், அவளுக்கு மூச்சிரைப்பு குறைந்திருக்கிறது, என் முழங்கால்தான் எனக்குச் சொந்தமில்லாதது போல் நடந்துகொள்கிறது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் குறையில்லாமல் இருக்க வேண்டும், அதைத் தெரிந்துகொள்ள இனி எனக்கு இன்னொருவர் வாய் தேவையில்லை என்பதே பெரிய சந்தோஷம். நீ அனுப்பிய மூக்குக்கண்ணாடி கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. உன் கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களின் பார்வையை அளக்கிறாய் சரி, இவ்வளவு தூரத்திலிருந்து அப்பன் பார்வையை எப்படி அளந்தாள் என்று அம்மா கேட்கிறாள்.

எழுபத்திரண்டு வயதில் நூலகத்துச் சாயங்கால வகுப்பில் போய் உட்கார்ந்தபோது பக்கத்து வீட்டுத் தையல்காரர், "மேல போறப்ப அங்க விண்ணப்பம் எழுதிக் குடுக்கணுமாக்கும்?" என்றார். "ஆமாய்யா, உம்ம பேரையும் சேர்த்தே எழுதிடறேன்" என்றேன். இப்போது பேருந்துப் பலகை, மாத்திரை அட்டை, பழைய செய்தித்தாள் என்று கண்ணில் படுவதையெல்லாம் படிக்கிறேன், அம்மா காதைப் பொத்திக்கொள்கிறாள். அந்த ஆசையில்தான் போன மாதம் குன்றின் மேல் இருக்கிற நம் அளவு நிலையத்துக்கு ஏறிப் போனேன். வேலையை விட்டு ஏழு வருஷமாகிவிட்டாலும், இருபத்தெட்டு வருஷம் அங்கேயே காவலாளி வீட்டில் குடியிருந்து காவல் காத்த இடத்தில் என்னதான் எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டாமா. தூண் அப்படியே நிற்கிறது, உச்சியில் அந்தக் கவிழ்த்த தட்டும் இருக்கிறது. தூணில் ஒரு பலகை உண்டே, வாரம் தவறாமல் எண்ணெய்த் துணியால் துடைப்பேனே, அதை எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'தூண் சாய்ந்தால் உடனே தகவல் தரவும். யாரும் தாமாக நிமிர்த்தக் கூடாது.' இத்தனை வருஷமும் அதைப் பளபளவென்று வைத்திருந்தவன் நான். அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் என் வாயால் நான் சொன்னதில்லை. இருபது வருஷத்துக்கு முந்தைய அந்த அடைமழையில் அடிமண் கரைந்து தூண் சாய்ந்திருந்தது. காவல் ஒழுங்கில்லை என்று பெரிய அதிகாரி வேலையை விட்டு அனுப்பிவிடுவாரோ என்று பயந்து, விடிவதற்குள் கடப்பாரையால் நெம்பி, தூக்குக்குண்டு பிடித்து, கல் திணித்து நிமிர்த்திவிட்டேன். அழகாகச் செய்துவிட்டோம் என்று பெருமை வேறு. பிறகு அளவு தாறுமாறாக வந்ததும் அவர் குதித்தார், தூணில் துணிக்கொடிக் கயிறு இருந்ததைப் பார்த்து யார் கட்டியது என்றார். "எம் பொண்ணுதான் சார்" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கயிறும் நாலு ரவிக்கையும் சேர்ந்து கான்கிரீட் தூணைச் சாய்க்குமா. உன்னை அளவு உதவியாளராக எடுக்க இருந்தவர், "கொடி கட்டறவளுக்கு இங்க வேலை இல்ல" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். நீ என்னைப் பார்த்தாய். நான் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருஷம் நீ விமானம் ஏறிவிட்டாய்.

படியில் உட்கார்ந்தவனுக்குப் புது அதிகாரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், உன் வயதுதான் இருக்கும். இந்தத் தூண் எதற்கம்மா என்று கேட்டேன், இத்தனை நாள் கேட்க வெட்கம். "தரை ஒரே இடத்துல நிக்கறதில்லைங்கய்யா" என்றாள். சுடுபாலின் மேல் ஏடு மிதக்கிற மாதிரி பூமியின் மேல் ஓடு துண்டு துண்டாக நகர்கிறதாம். உன் தேசத்துக்கும் நமக்கும் நடுவில், கடலுக்கு அடியில் நீளமாக ஒரு பிளவு இருக்கிறது, அதன் வழியாகக் கல் உருகி மேலே வந்து இறுகி, இரண்டு பக்கத் தரையும் விலகிக்கொண்டே போகிறது, வருஷத்துக்கு ஒரு விரல் அகலத்துக்குக் கொஞ்சம் கூட. தரையோடு தூணும் போகிறது, உச்சியில் இருக்கிற தட்டு செயற்கைக்கோளிடம் கேட்டு அதைச் சொல்கிறது. அவள் காட்டிய பதிவேட்டில் அந்த ஒரு வருஷம் மட்டும் நாலு விரல் தாவியிருந்தது, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அதன் கீழே, 'காவலாளியின் மகள் துணிக்கொடி கட்டியதால் இருக்கலாம்.' அதையும் நானே படித்தேன். நான் செய்ததை ஒப்புக்கொள்ளாமலே இறங்கி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உன் கடிதங்கள் இருக்கிற தகரப்பெட்டியை இறக்கி, முதல் கடிதத்தை எடுத்தேன். வருஷா வருஷம் அம்மாவைப் படிக்கச் சொல்லிக் கேட்டு எனக்கு மனப்பாடம். ஆனால் நடுவில் நான் கேட்டேயிராத ஒரு வரி இருந்தது. 'அப்பா தூணை நெம்பியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன் அம்மா, வேலை போய்விடுமே என்றுதான் வாயைத் திறக்கவில்லை, அவராகவே ஒருநாள் சொல்வார் என்று காத்திருந்தேன்.' மூன்று முறை படித்தேன். அம்மாவிடம் காட்டினேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்த வரியைப் படிச்சுக் காட்டியிருந்தா மறுநாளே ஓடிப்போய் ஒப்பிச்சிருப்பீங்க, அப்புறம் நாம எங்க போய்ப் படுக்கறது? பத்தொம்பது வருஷமா அந்த ஒத்தை வரியைத் தாண்டித் தாண்டிப் படிச்சே எனக்கு மூச்சு வாங்குது" என்றாள். கோபிக்க முடியவில்லை. ஓடிப்போய் ஒப்பித்திருப்பேனா என்பதும் எனக்கு நிச்சயமில்லை.

திங்கட்கிழமை மறுபடியும் ஏறினேன், வழியில் ஏழு இடத்தில் உட்கார்ந்தேன். முழுவதும் கேட்டுவிட்டு அந்தப் பெண், "சாஞ்சபடியே விட்டிருந்தா எவ்வளவு சாஞ்சதுன்னு அளந்து கழிச்சிருப்போம், நீங்க நிமிர்த்தப் போய்த்தான் ஒண்ணுமே தெரியாமப் போச்சு" என்றாள். உன்னைப் பற்றிய வரியை அடித்துவிடச் சொன்னேன். பதிவேட்டில் எதையும் அடிக்கக் கூடாதாம், கீழே எழுதலாமாம். பெருவிரல் பழக்கதோஷத்தில் மைப்பெட்டிப் பக்கம் போனது, அவள் பேனாவை நீட்டினாள். அரைமணி நேரம் எழுதினேன். 'தூணைச் சாய்த்தது மழை. நெம்பி நிமிர்த்தியது காவலாளியாகிய நான். என் மகள் கட்டிய கயிற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அன்று நான் சொல்லவில்லை.' கையெழுத்தும் போட்டேன். அந்தக் கேள்விக்குறி இனி யாருக்கும் வேண்டியதில்லை என்றாள். உன்னைப் பற்றி விசாரித்தாள். நீ போன பிறகு பூமி உன்னை எவ்வளவு தள்ளியிருக்கும் என்று கேட்டதற்கு, கணக்குப் போட்டு ஒரு முழம் என்றாள். அந்த ஒரு முழத்துக்கு நான் பொறுப்பில்லை அம்மாடி. மற்றதெல்லாம் நான் தள்ளியது.

வேறென்ன, நின்றுகொண்டே வேலை பார்க்காதே, என் முழங்கால் உனக்கும் வந்துவிடும். மாப்பிள்ளைக்கும் பேத்திக்கும் என் ஆசி, மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு இருங்கள். பதிலை என் பேருக்குப் போடு. திட்ட வேண்டியிருந்தால் திட்டு, ஒரு வரி விடாமல் நானே படித்துக்கொள்கிறேன். இது உன் முதல் கடிதத்துக்குப் பதில். பெட்டியில் இன்னும் நிறைய இருக்கின்றன, அடுத்த வாரம் இரண்டாவதற்கு எழுதுவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
(கைநாட்டு இல்லை, கையெழுத்து)