கடவையில் நின்ற வான்

கார்த்திகை, புதன் இரவு.

பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வசந்தியக்காவின், தானாகக் கியர் மாறும் ஓட்டோ கியர் வான் இன்று மழைக்குள் அரியாலை ரயில் கடவையில் நின்றுவிட்டது. எஞ்சின் ஓடியது, கியர் விழவில்லை. சனம் ஓடிவந்து பிள்ளைகளை இறக்கி, வானையும் தள்ளிவிட்டதாம். அதன்பிறகே ரயில் போனது.

போன கிழமை, வாகனம் திருத்தும் என் கராச்சில், நான்தான் அதைச் சோதித்தேன். கணினியில் ஒரு பிழையும் காட்டவில்லை.

"மழைக்கு மட்டும் கியர் மாறேல்லையெண்டால் எங்கையோ வயர் நனையுது. விட்டிட்டுப் போங்கோ அக்கா, தேடிப் பாக்கிறன்" என்று அன்றைக்கே சொன்னேன்.

"பிள்ளையளை ஆர் தம்பி ஏத்திறது?" என்று வானை எடுத்துக்கொண்டு போனார்.

இன்று பின்னேரம் வானைக் கராச்சுக்கு இழுத்து வந்தார்கள். கியர்பெட்டிக்குப் போகும் வயர்க் கட்டை அவிழ்த்தேன். ஒரு வயர் இரும்பில் உராய்ந்து, தோல் போய், செம்பு பச்சை பிடித்திருந்தது. மாற்றினேன். தண்ணீர் அடித்து, ஓடியும் பார்த்தேன். கியர் ஒழுங்காக மாறியது.

"இனிப் பயமில்லை அக்கா."

நான் நீட்டிய வான் திறப்பை அவர் வாங்கவில்லை. "எல்லாத் தாய்மாரும் போன் எடுத்துச் சொல்லிப்போட்டினம் தம்பி, இனி அனுப்பமாட்டினமாம். நாளைக்கு ஏத்த ஒரு பிள்ளையும் இல்லை."

குடையும் இல்லாமல் பஸ்ஸுக்கு நடந்தார். கூப்பிட்டேன், திரும்பவில்லை. இப்போது நன்றாக ஓடும் அந்த வான், என் கராச்சில் சும்மா நிற்கிறது.