தொப்பிக்காரருக்குப் பின்னால்

மெக்சிகோ நகரம், 2008

மார்ச் 4, செவ்வாய்
“தெருவ எவனாவது சும்மா படம் எடுப்பானா, வாத்தியாரே?”

போன வாரம் தோமித்திலா கேட்டாள். தேவாலய வாசலில் சோளமாவுத் தமால் அவித்து விற்பவள். என் காலைச் சாப்பாடு அவள் கையால்தான். நடைபாதைக் கடைகளை ஊருக்கு வெளியே மாற்றப் போகிறார்கள். 1960க்கு முன்பிருந்தே அதே இடத்தில் குடும்பமாக விற்பவர்கள் மட்டும் இருக்கலாமாம். அவள் அம்மா அங்கேதான் விற்றார். சாட்சிக்கு எங்கே போவது?

மார்ச் 7, வெள்ளி
முன்பெல்லாம் தெருப் படக்காரர்கள் நடந்து வருபவர்களைச் சட்டென்று எடுத்துவிட்டுக் கையில் ஒரு சீட்டைத் திணிப்பார்கள். மறுநாள் போய்ப் படத்தை வாங்கிக்கொள்ளலாம். யாரும் வாங்க வராத படங்கள் நூலகத்தில் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. சொட்டச் சொட்டப் பனிக்கட்டி சுமப்பவர், புதுச் செருப்பு கடித்து நொண்டும் பெண் — எத்தனை அவசரமான கால்கள்!

மார்ச் 11, செவ்வாய்
கிடைத்துவிட்டது! 1957. நடுவில் யாரோ ஒரு தொப்பிக்காரர். அவருக்குப் பின்னால், தேவாலய வாசலில் ஆவி பறக்கும் பானையோடு தோமித்திலாவின் அம்மா.

பிரதியைக் கொடுத்தேன். “சிரிக்கிறத பாருங்க! எங்கிட்ட ஒரு நாளாவது இப்படிச் சிரிச்சிருப்பாளா?” என்றாள்.

மார்ச் 12, புதன்
நகராட்சி அலுவலகத்தில் படத்தை ஏற்கவில்லை. அதிகாரி பெரெனிசே நல்ல பெண்தான். “சார், இதுல வாசலுக்குப் படியேறிப் போறாங்க. உங்க கோயிலுக்குப் படியிறங்கணும். இது வேற இடம்.”

ஆமாம், அப்படித்தான் இருந்தது. வெள்ளியோடு கெடு முடிகிறது. தோமித்திலா முகத்துல எப்படி முழிக்கிறது?

மார்ச் 13, வியாழன்
அட மடையா! அமிழ்கிற ஊர் இது என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன். பாலில் ஊறிய கேக்கின்மேல் செங்கல்லை வைத்தால் செங்கல் மட்டும் உள்ளே இறங்கும். ஏரிச் சேற்றின்மேல் நிற்கும் ஊரில், கனத்த கல் தேவாலயம் தெருவைவிட வேகமாக இறங்கியிருக்கிறது.

மறுபடி பெட்டிகள். 1971ஆம் ஆண்டுப் படத்தில் வாசல் தெருவுக்குச் சமமாக இருக்கிறது. இன்று பள்ளத்தில். எல்லாவற்றிலும் கதவுக்கு மேலே அதே மூக்குடைந்த தேவதை.

மார்ச் 14, வெள்ளி
பெரெனிசே படங்களை வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். “எங்க வீட்டு சன்னலே நடைபாதைக்கு இறங்கிடுச்சு. எனக்குத் தோணலியே, சார்!”

“எனக்கே நேத்துதாம்மா தோணிச்சு.”

படங்களை வாங்கி வைத்துக்கொண்டாள். “தகவல் சொல்றோம், சார்” என்றாள்.

மார்ச் 25
தகவல் இல்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு
பூசை முடிந்து படியேறி வந்தவர்கள் நேராகத் தோமித்திலாவிடம் வரிசை கட்டினார்கள். புது அனுமதி அட்டை குடைக்கம்பியில் ஆடுகிறது. பக்கத்திலேயே அந்தப் படம்.

“யாரு அக்கா, இந்தத் தொப்பிக்காரரு?” என்றார் ஒருவர்.

“எங்கம்மாகிட்ட தமால் வாங்காமப் போன ஆளு. அதான் அவ்ளோ ஒல்லி! உங்களுக்கு எத்தனை?”

இதைப் படிக்க நேர்கிறவருக்கு ஒரு வீட்டுப்பாடம்: பழைய தெருப்படம் ஒன்றை எடுத்து, நடுவில் இருப்பவரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு பாருங்கள்.